தாய் எலியின் நாக்கு

“பொம்பளைங்க மூளையே வேறயாமே மேடம்? பிறக்கும்போதே அப்படித்தானாமே?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள். முதுகலை இயற்பியல் படிக்கிறேன் என்றதற்கு அவளுடைய அண்ணன் சொன்ன பதில் அது. நான் தமிழ் படித்தவள். “பொய்” என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாசித்துப் பார்த்தபோது, முழுப் பொய் இல்லை என்று தெரிந்தது.

1959இல் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் என்ற நால்வர் சினையாக இருந்த கினிப் பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்ததும், இணைசேரும் நடத்தையில் ஆணின் சாயலைக் காட்டின. கருவிலேயே ஹார்மோன் மூளையை அமைத்துவிடுகிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. எலியிலோ, டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் மூளைக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் அந்த வேலையைச் செய்கிறது. ‘பெண் ஹார்மோன்’ என்று நாம் பெயரிட்டதுதான் எலி மூளையை ஆண்மூளை ஆக்குகிறது.

சீலியா மூரின் ஆய்வுகள் என்னை இன்னும் யோசிக்க வைத்தன. தாய் எலி குட்டிகளின் பின்புறத்தை நக்கிவிடும். மோப்பத்தால் அடையாளம் கண்டு ஆண் குட்டிகளை அதிகமாக நக்கும். மோப்பத்தைத் தடுத்தால் நக்குவது குறையும். அப்படிக் குறைவாக நக்கப்பட்ட ஆண் எலிகளின் தண்டுவடத்தில், இணைசேர்வதற்கான தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் குறைந்திருந்தன என்று மூரும் சகாக்களும் 1992இல் எழுதினார்கள். பிறவி என்று நாம் நினைப்பதற்குள் ஒரு தாயின் அன்றாட உழைப்பும் சேர்ந்திருக்கிறது.

எலியை வைத்து மனிதரை அளந்துவிட முடியாது. மனித மூளைக்கு வந்தால், 2015இல் டாஃப்னா ஜோயலின் குழு 1400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்தது. சராசரியில் வேறுபாடுகள் இருந்தன. ஆனால் எல்லாக் கூறுகளும் ஒரே பக்கம் சாய்ந்த மூளை அரிதாகவே கிடைத்தது. பெரும்பாலான மூளைகள் கலவையாகவே இருந்தன.

எனக்கு ஒரு மகனும் ஒரு மகளும். மகன் விழுந்தால் “ஒண்ணுமில்ல, எந்திரி” என்றேன். மகள் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கினேன். மகனைத் தனியாகக் கடைக்கு அனுப்பிய வயதில் மகளை வாசலோடு நிறுத்தினேன். பிறகு, “இவ பிறந்ததிலிருந்தே பயந்த சுபாவம்” என்று உறவினர்களிடம் நானே சொன்னேன். தாய் எலிக்குத் தான் செய்வது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண் மூளையும் பெண் மூளையும் வேறா என்பதை அறிவியல் சொல்லட்டும். அதைக் காட்டி ஒருத்தியின் படிப்பை நிறுத்தலாமா என்பதற்கு எந்த ஆய்வுக்கூடத்திலும் விடை கிடைக்காது. அது அறம் பற்றிய கேள்வி. வேறுபாடு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது தடை போடுவதற்கான உரிமை ஆகாது.

விண்ணப்பிக்க இன்னும் நான்கு நாள் இருந்தது. அவளிடம் சொன்னேன்: “நுழைவுத்தேர்வைச் சராசரிப் பெண் எழுதப்போறதில்லம்மா, நீதான் எழுதப்போற. உங்க அண்ணன்கிட்ட அதைச் சொல்லு. இல்லன்னா வீட்டுக்கு நான் வந்து சொல்றேன்.”