நான் சொன்னது எங்க போகுது?

பதினொரு வருடம் கோடு எழுதிய பிறகு, மானுடவியலில் முதுகலை படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் பயன்பாட்டு மானுடவியல்: மக்களோடு இருந்து தெரிந்துகொண்டதை ஒரு நலத்திட்டத்துக்கோ மருத்துவமனைக்கோ செயலிக்கோ உதவும்படி ஆக்குவது. "இந்த வயசுல எதுக்குடா?" என்கிற அம்மாவைச் சமாளித்துவிடலாம். இன்னொருவர் கேட்ட கேள்விதான் விண்ணப்பத்தை நிரப்பவிடாமல் நிறுத்திவைத்திருக்கிறது.

அப்போது வேலை பார்த்த கம்பெனி, பயனர்களிடம் பேசிவரச் சொல்லி என்னைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக ஓஎம்ஆர் போகிறவர்களுக்குத் தெரிந்த ஊர்தான். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே எட்டு மாடிக் குடியிருப்புகளில் இருக்கின்றன. வீட்டு வேலைக்காக விடியற்காலையில் பஸ் ஏறும் ஒரு அக்கா, முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். கடைசியில் கேட்டார்: "தம்பி, காலேஜ் புள்ளைங்க வந்தாங்க, என்ஜிஓ வந்தாங்க, இப்ப நீங்க. நான் சொன்னதெல்லாம் எங்க போகுது?"

"ஆபீசுக்குத்தான்க்கா" என்றேன். சிரித்துவிட்டு டீ போடப் போய்விட்டார். அவர் பேச்சு ஒரு ஸ்லைடில் மூன்று வரியானது.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாகத் தலைகளையும் மூக்குகளையும் அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகள் வந்தன. குற்றவாளிகளை அடையாளம் காண உடல் அளவீட்டு முறையைப் போலீசுக்கும் சொல்லிக்கொடுத்தார். அதுவும் பயன்பாடுதான். அளக்கப்பட்டவருக்கு அதில் என்ன பங்கு?

அந்தத் தொகுதிகளில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களும் இருக்கிறார்கள். பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பியிருந்த அவர்கள் பிழைப்பு, 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நின்றது. 1978-ல் ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் அவர்கள் எடுக்கும் விஷம் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் போகிறது. காசு உறுப்பினர்களுக்கு வருகிறது. விட்டேக்கர் மானுடவியலாளர் அல்ல, ஊர்வன ஆய்வாளர். ஏற்பாட்டில் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஆனால் தனக்குத் தெரிந்தது எங்கே போகிறது என்று கேட்டால், அங்கே ஒரு இருளரால் பதில் சொல்ல முடியும்.

"கையெழுத்து வாங்கிட்டா போதாதா?" என்கிறான் நண்பன். 1971-ல் அமெரிக்க மானுடவியல் சங்கமே, ஆய்வாளரின் முதல் பொறுப்பு ஆய்வு செய்யப்படும் மக்களுக்குத்தான் என்று எழுதிவைத்தது. அது தேவை. ஆனால் தீங்கு செய்யாமல் இருப்பதும், எடுத்ததற்குக் கணக்குச் சொல்வதும் வேறுவேறு கடமைகள். முதலாவதை ஒரு படிவம் ஓரளவு கவனித்துக்கொள்ளும். இரண்டாவதற்கு நாம்தான் திரும்பிப் போய் அந்தக் கதவைத் தட்டவேண்டும்.

நான் போகவில்லை. அந்த அக்காவின் குரல் பழைய கம்பெனியின் சர்வரில் எங்கோ கிடக்கிறது. அதைத் திறக்க இப்போது எனக்கே அனுமதி கிடையாது. ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கட்டத்தில் இதைத்தான் எழுதலாம் என்றிருக்கிறேன். விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போகவேண்டும்.