பயிற்சியும் பயமும்

ஆபத்து வேளையில் பயிற்சி உணர்ச்சியை ஜெயிக்குமா என்று கேட்கும்போதே உணர்ச்சியை எதிர்க்கட்சியில் உட்கார வைத்துவிடுகிறோம். இந்தப் பிரிவினை எனக்குச் சம்மதமில்லை.

2009 ஜனவரியில், பறவைகள் மோதி இரு எஞ்சின்களும் சக்தியிழந்த விமானத்தை சல்லன்பெர்கர் ஹட்ஸன் நதியில் இறக்கினார். 155 பேரும் பிழைத்தார்கள். பயிற்சியின் வெற்றிதான். ஆனால் வயிறு கலங்கிப்போயிற்று என்று அவரே பின்னால் சொன்னார். கலக்கத்தைப் பயிற்சி அழிக்கவில்லை. கலக்கத்தோடேயே கை வேலை செய்தது.

கைக்குப் பழக்கிய வேலையே அழிவு என்றால்?

1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்கு அருகே ஒரு நிலவறையில், ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் கம்ப்யூட்டர் அறிவித்தது. அதை அப்படியே மேலிடத்துக்குத் தெரிவிப்பதுதான் சோவியத் அதிகாரி பெத்ரோவுக்கு விதிக்கப்பட்ட வேலை. ஐந்தே ஐந்தை வைத்து யாராவது யுத்தம் தொடங்குவார்களா என்று யோசித்தார். ரேடாரும் எதையும் காட்டவில்லை. நிச்சயம் ஏதுமின்றியே, பொய் எச்சரிக்கை என்று தொலைபேசியில் சொன்னார். மேகங்களில் பட்ட சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று கண்டிருந்தது. உத்தரவுக்கு மட்டுமே பழகிய சிப்பாய் தன் நாற்காலியில் இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும் என்பது அவர் பிற்பாடு சொன்னது.

அவர் யோசனைக்கு இடம் கொடுத்தது பயம்தான் என்று நினைக்கிறேன். தன்னால் என்ன நேர்ந்துவிடுமோ என்ற பயம். அதையும் மரத்துப்போகச் செய்கிற பயிற்சி மனிதனை அந்தக் கம்ப்யூட்டரின் இன்னொரு பாகமாக்கிவிடும்.

பெத்ரோவைப் பின்னர் கண்டித்தார்கள், அன்றிரவு குறிப்பேட்டை எழுதவில்லை என்று.