புளியங்கொட்டைப் புட்டியும் பெரியோர் வாக்கும்

ஸ்ரீ:

எம்பெருமானின் உத்ஸவத்தை ஸேவிக்கக் குழந்தைகளோடு வந்திருக்கும் ஆஸ்திகப் பெருமக்களுக்கு அடியேனின் விண்ணப்பம்.

நம் கோட்டூர்புரத்தில் சில இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை நற்காரியம் ஒன்று செய்தால் கண்ணாடிப் புட்டியில் ஒரு மணி போடுவார்கள். புட்டி நிறைந்தால் பரிசு. "கூலிக்காகச் செய்வது நன்மையாகுமா, ஸ்வாமி?" என்று ஒரு தாயார் ஸந்நிதியில் வினவினார்.

பலனில் பற்றின்றிக் கர்மத்தைச் செய் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் உபதேசித்த கண்ணனே, ஏழாம் அத்தியாயத்தில் தன்னை நாடி வருவோரை நால்வகையாக வகுக்கிறான்: துன்புற்றவன், பொருள் வேண்டுபவன், அறிய விரும்புபவன், ஞானி. ஞானியே தனக்கு ஆத்மா என்கிறான். ஆயினும் நால்வரையுமே உதாரர்கள் என்று கொண்டாடுகிறான். துருவனும் உயர்ந்த பதவியை வேண்டியன்றோ வனம் புகுந்தான்! ஆகவே பரிசை எண்ணித் தொடங்கும் குழந்தையை இகழ்வதற்கில்லை.

ஆனால் புட்டி சோதிப்பது குழந்தையை மட்டுமன்று, அதனை வைத்தவரையும்தான். இதனை அடியேன் தன் பிழையால் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஸ்தோத்ரம் கற்க வந்த சிறுவர்களுக்காக ஒரு காலி ஹார்லிக்ஸ் புட்டியை வைத்தேன். பிழையின்றி ஒப்பித்தால் ஒரு புளியங்கொட்டை. நிறைந்தால் திருவல்லிக்கேணித் தெப்போத்ஸவத்திற்கு அழைத்துச் செல்வதாக வாக்கு. ஒருநாள் ஒரு சிறுவன் பொய் சொன்னான். கோபத்தில் ஒரு பிடி கொட்டைகளை வெளியே எடுத்துவிட்டேன். அவன் அழவில்லை. "அது நேத்து நாங்க சரியாச் சொன்னதுக்குப் போட்டது, மாமா" என்றான். அடியேனிடம் பதில் இல்லை. இன்றைய பிழையால் நேற்றைய நன்மை இல்லாமற் போகுமோ? மறுநாள் முதல் சிறுவர்கள் அப்புட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கொட்டைகளைத் திரும்பப் போட்டு, அவர்கள் முன்னிலையில் தவற்றை ஒப்புக்கொண்டேன். மாசியில் தெப்பத்திற்கும் அழைத்துச் சென்றேன். ஆயினும் அச்சிறுவன் அடியேனை முன்போல் நம்புவதற்கு ஓராண்டாயிற்று.

விபீஷணன் வந்து நின்றபோது ஸுக்ரீவன் ஐயுற்றான். ஒருமுறை சரணமென்று வந்தவனுக்கும் அபயம் அளிப்பது தன் விரதம் என்றான் ஸ்ரீராமன். அவ்வாக்கு மாறாது என்பதே நம் நம்பிக்கைக்கு அடித்தளம். பெருமாளிடம் நாம் எதிர்பார்ப்பதையே குழந்தை நம்மிடம் எதிர்பார்க்கிறது.

புட்டிக்கு ஓர் எல்லையும் உண்டு. 1973-இல் வெளியான அமெரிக்க ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வொன்றில், இயல்பாகவே படம் வரைய விரும்பும் மழலைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தனர். பின்னர் அவர்கள், பரிசை எதிர்பாராத குழந்தைகளைவிடக் குறைவாகவே வரைவதில் ஈடுபட்டனர். தானே ஊறும் விருப்பத்திற்கு விலை குறித்தலாகாது.

அப்படித் தானே ஊறிய நன்மையை நம் ஊரே கண்டிருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்து வீடுகளுக்குள் புகுந்தபோது, மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். அவர்களுக்காக எவர் எந்தப் புட்டியில் மணி போட்டார்? நம் குழந்தைகள் சென்று சேரவேண்டிய இடம் அதுவே.

ஆகவே தாய்மார்களே, புட்டியை வையுங்கள். போட்ட மணியைத் திரும்ப எடுக்காதீர்கள். சொன்ன பரிசைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை மணியை எண்ண மறந்து நன்மை செய்யும் நாள் வரும். அன்று புட்டியைக் கழுவி, அடுக்களையில் பருப்புப் போட்டு வையுங்கள். அந்நாள் விரைவில் வர எம்பெருமான் அருள்புரிவானாக.

சுபம்.