கிணறும் கதையின் தொடக்கமும்

கதைப்பின்னல் என்றால் சம்பவங்களைச் சுவைபட அடுக்கும் வித்தை என்றே ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். சுவை ஒருபுறம் இருக்கட்டும். கதையை எந்த இடத்தில் தொடங்குவது என்பது நியாயம் பற்றிய கேள்வியுமாகும்.

'அஹ்ஸனுல் கஸஸ்' எனப் போற்றப்படும் யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். சிறுவயதில் அவர் கண்ட கனவில் அது தொடங்குகிறது. தந்தை அவரையும் தம்பியையும்தான் கூடுதலாக நேசிக்கிறார் என்ற சகோதரர்களின் மனக்குறையும் மறைக்கப்படவில்லை. ஆனால் அந்தக் குறையிலிருந்தே கதை தொடங்கியிருந்தால், கிணற்றடிக்கு வருமுன்பே வாசகர் அவர்களைப் பாதி மன்னித்திருப்பார். பிள்ளையை முதலில் அறிந்ததால்தான் கிணற்றின் ஆழம் நமக்குத் தெரிகிறது.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இதைக் கதையாக்குபவர் 1983 ஜூலையிலிருந்து தொடங்கலாம். கிழக்கில் மூண்ட பகையிலிருந்தும் தொடங்கலாம். அவையும் நடந்தவைதாம். ஆனால் அந்தக் கதையில் வெளியேற்றம் வெறும் விளைவாகச் சுருங்கிவிடும். சோனகத் தெருவில் அன்று காலை உலை வைத்த ஒரு வீட்டிலிருந்து தொடங்கினால் அது குற்றமாகவே தெரியும்.

காரணங்களைச் சொல்லத்தான் வேண்டும். அவற்றைக் கொட்டிக் கிணற்றை மூடிவிடக் கூடாது. அச்சுவேலியிலிருந்து எழுதும் என் போன்றோர் இதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். யூசுப் நபியின் வரலாற்றிலும் மன்னிப்பு வருகிறது. சகோதரர்கள் தம் குற்றத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வருகிறது.