நோன்புக்குப் பயம் எதற்கு

"டாக்டர், இது பாவமா, வியாதியா?" கைப்பழக்கத்தைப் பற்றிப் பேச வரும் இளைஞர்கள் தலையைக் குனிந்துகொண்டு இப்படித்தான் கேட்கிறார்கள். அரசு மருத்துவமனையில் தோல், பால்வினை நோய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தீட்சை வாங்கிய சைவனும்கூட. காலையில் திருநீறு பூசிப் பூசை முடிக்காமல் வாயில் எதையும் வைப்பதில்லை. புலனடக்கத்தை உயர்வாக நினைப்பவன் என்பதாலேயே, இந்தக் கேள்வியில் பாவமும் வியாதியும் ஒட்டிக்கொண்டு வருவது எனக்குப் பொறுக்கவில்லை.

விசைத்தறி ஓட்டும் ஒரு தம்பி ஒருமுறை குப்பியில் சிறுநீர் பிடித்து வந்தார். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. "தாது உருகிப் போகுது டாக்டர்" என்றார். மாதம் ஒருநாள் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம், அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டி, லேகியம் வாங்கித் தின்றிருக்கிறார். குப்பியிலிருந்து கொஞ்சம் சோதனைக் குழாயில் ஊற்றி, சில சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டேன். அவர் கண்முன்னாலேயே கலங்கல் தெளிந்தது. அது பாஸ்பேட் உப்பு. விந்து அப்படிக் கரையாது. இரவு ஷிப்ட்டில் தூக்கம் கெட்டு, பயத்தில் சாப்பாடும் இறங்காமல் இளைத்துப்போயிருந்தார். அந்த இளைப்பையே தாது போனதற்குச் சாட்சியாக வைத்தியர் காட்டியிருக்கிறார். இந்தத் துன்பத்துக்கு 1960இல் மனநல மருத்துவர் என்.என். விக் 'தாத் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். சோர்வும் உடல்வலியும் மனச்சோர்வும் நிஜமாகவே இருக்கும். காரணம் மட்டும் அவர்கள் நினைப்பது இல்லை.

விந்து ரத்தத்தைக் காய்ச்சி இறக்கியது என்பது பொய். அதில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் தரும் நீர்; உயிரணுக்கள் மிகச் சிறு பங்கு. ஒருமுறை வெளியேறுவது பெரும்பாலும் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். விரைகள் ஓயாமல் புதிய அணுக்களை உண்டாக்குகின்றன, வெளியேறாதவற்றை உடம்பு தானே உறிஞ்சிக்கொள்கிறது. கைப்பழக்கத்தால் பார்வை மங்குவதில்லை, நரம்பு தளர்வதில்லை, உறுப்பு சிறுப்பதில்லை, பிள்ளைப்பேறு கெடுவதில்லை. பெண்கள் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பதே அபூர்வம். வெள்ளைப்படுவதை "உடம்பு உருகுது" என்று எண்ணி உள்ளுக்குள் மருகுகிறார்கள். ஓரளவு வெள்ளைப்படுதல் இயல்பு. அரிப்பும் கெட்ட நாற்றமும் நிறமாற்றமும் இருந்தால் அது தொற்றாக இருக்கலாம், சிகிச்சை உண்டு.

பயம் எங்கிருந்து வந்தது? சித்த மருத்துவம் உடற்தாதுக்கள் ஏழு என்கிறது. உண்ட உணவு சாரமாகி, செந்நீராகி, ஊன், கொழுப்பு, என்பு, மூளை என்று படிப்படியாக மாறிக் கடைசியில் சுக்கிலமாகிறது. கடைசியில் கிடைப்பது அரிது என்று தோன்றியதில் வியப்பில்லை. கருவிகள் இல்லாத காலத்தில் உடம்பைப் புரிந்துகொள்ள முயன்றவர்களை நான் மதிக்கிறேன். திருமூலரும் விந்துவை வெல்வதைப் பற்றி ஏழாம் தந்திரத்தில் பாடினார். ஆனால் அது யோக நெறியைத் தானே தேர்ந்து, குருவிடம் பயில்பவனுக்கான பாதை. மீசை அரும்பும் பையனின் உடம்பு இயல்பாகச் செய்வதை நோய் என்று சுவரில் எழுதி மிரட்ட அந்தப் பாடல்களில் இடமில்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். லோசான் நகர மருத்துவர் டிஸ்ஸோ 1760இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூல், பாவத்துக்கு மருத்துவச் சட்டை மாட்டியது. அந்த நூலின் தலைப்பில் இடம்பெற்றவன் ஆதியாகமத்தின் ஓனான். அவன் செய்ததோ, இறந்த அண்ணனுக்குத் தாமார் வழியாகச் சந்ததி உண்டாக்க மறுத்தது. கைப்பழக்கத்துக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பே இல்லை.

எப்போது இது நோய்? 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. வேலையும் உறவும் உடல்நலமும் கெட்டும் நிறுத்த முடியாமல் நெடுங்காலம் தொடர்ந்தால் அது பொருந்தும். 'தப்புச் செய்கிறோம்' என்ற மன உறுத்தல் மட்டும் இருந்தால் அது நோய் ஆகாது என்பதையும் அதே பட்டியல் சொல்கிறது. மருத்துவம் தன் எல்லையைத் தானே வரைந்துகொண்ட இடம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும்.

சமயமும் தன் எல்லையை அறிந்தேயிருந்தது. மாணவப் பருவத்துப் பிரம்மசாரிக்குக் கடுமையான விதிகள் சொன்ன மனுகூட, கனவில் விந்து போனால் குளித்து, சூரியனை வணங்கி, ஒரு மந்திரத்தை மூன்று முறை சொல்லச் சொல்கிறார். கார்த்திகையில் மாலை போட்ட ஒரு கல்லூரி மாணவர், தூக்கத்தில் போய்விட்டது, விரதம் முறிந்துவிட்டது என்று அழுதுகொண்டே வந்தார். மாத்திரை எழுதாமல் எங்கள் தெரு குருசாமியிடம் அனுப்பினேன். "உடம்பு செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ சாமி? தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து சரணம் கூப்பிடு" என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. பயமுறுத்தாமல் விரதத்தைக் காப்பாற்றத் தெரிந்தவர்.

நரம்பு கெடும் என்று பயந்து இருக்கும் நோன்பு, நரம்பு கெடாது என்று தெரிந்த அன்றே உடைந்துபோகும். சொல்லிக்கொடுத்தவர் மீதான நம்பிக்கையும் கூடவே போகும். அடக்கம் பழக விரும்புபவர் அதைத் தெய்வத்துக்காகவோ தன் மனத்தெளிவுக்காகவோ பழகட்டும். நான் மனமார வாழ்த்துவேன். பாவத்தைப் பற்றி என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு ஒன்று: போனில் நீ பார்க்கும் காணொளியில் இருக்கும் பெண், அதைப் படம் பிடிக்கவும் பரப்பவும் சம்மதித்தாளா? தன் உடம்பைப் பற்றி அத்தனை குற்ற உணர்வோடு வந்தவர்களில் பலர் இதை ஒருமுறைகூட யோசித்ததில்லை. எங்கள் பேச்சு அங்கேதான் உண்மையில் தொடங்குகிறது.