கரைவலையில் ஒரு பங்கு

வாடை ஓய்ந்ததும் சல்லிக் கரையில் கரைவலை தொடங்கிவிடும். கயிறு பிடிப்பவர்களின் வரிசையில் என் பழைய மாணவன் ஒருவனும் நிற்பான். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். வயது இருபது கடந்துவிட்டது. நூறு வரை எண்ண வராது. அம்பா பாடத் தொடங்கினால் தாளம் பிசகாமல் இழுப்பான்.

மீன் விற்றதும் பங்கு பிரிப்பார்கள். அவனுக்கு மட்டும் ஒரு பையில் கொஞ்ச மீன். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“அவனுக்குக் காசு என்னத்துக்கு சேர்? பாவம் பாத்துக் கறிக்குக் குடுக்கிறம்தானே” என்றார் வலைக்காரர்.

கெட்ட மனிதரல்லர். அவன் வராத நாளில் வீடு தேடிப் போய் விசாரிப்பவரும் அவரே. அதனால்தான் அந்தப் பதில் என்னை உறுத்தியது. பாவம் பார்த்துக் கொடுத்ததை நாளைக்கு நிறுத்தினால் எவரும் கேட்க முடியாது. பங்கை நிறுத்தினால் கேட்கலாம். அந்தக் கேட்கும் உரிமை அவனுக்கு இல்லை.

‘அவன் பாதிதான் இழுப்பான், முழுப் பங்கு கொடுத்தால் மற்றவனுக்கு அநியாயம்’ என்பார்கள். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கயிற்றைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறார். அவருக்கு முழுப் பங்கு! அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் ரோல்ஸ் 1971இல் வெளியிட்ட நூலில், நீதியை ஒத்துழைத்து உழைப்போருக்கிடையிலான ஏற்பாடாகவே வகுத்தார். அப்படிச் சமமாக உழைக்க இயலாதவரின் இடம் எங்கே என்று 2006இல் மார்த்தா நுஸ்பாம் கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் கரை, பெரியவர் விடயத்தில் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. இவன் விடயத்தில்தான் தயங்குகிறது.

அரசும் தயங்கத்தான் செய்கிறது. மாற்றுத்திறனாளிகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது, ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்தது. அரச வேலையில் 3 சதவீதம் என்ற சுற்றறிக்கை 1988இலேயே உண்டு. ஆனால் வேலைக்குரிய கல்வித் தகைமையும் வேண்டுமே. சாதாரண தரம் எழுதாதவனுக்கு அந்தக் கதவு திறக்காது. கட்டாயக் கல்வியோ 16 வயதோடு முடிகிறது. அதுவரை நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? படத்துக்கு நிறம் தீட்டக் கொடுத்தோம். ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பிப் பழக்கவில்லை.

“எனக்குப் பிறகு இவனை ஆர் பாக்கிறது சேர்?” என்று அவன் தாய் கேட்கும்போது நான் கடலைத்தான் பார்ப்பேன்.

போன மாதம் வலைக்காரர் அரைப் பங்குக் காசைத் தாயிடம் கொடுத்தாராம். அவன் கையில் கொடுங்கள் என்றேன். தொலைத்துவிடுவான் என்றார். தொலைக்கட்டுமே. என் முதற் சம்பளத்தில் பாதியை நானும் பஸ்ஸில் தொலைத்தவன்தான்.