பாட்டனும் பங்காளியும்

சால்மன், நுரையீரல் மீன், பசு. இம்மூன்றில் எந்த இரண்டு ஒன்றுக்கொன்று நெருங்கியவை? 1979இல் 'நேச்சர்' பத்திரிகையில் இதை வைத்து ஒரு சண்டையே நடந்தது. மீன் வாங்கப் பழகிய யாரும் முதல் இரண்டும்தான் என்பார்கள். ஆனால் விடை நுரையீரல் மீனும் பசுவும். செதிலும் துடுப்பும் பொதுவாக இருப்பது நெருக்கத்துக்குச் சான்றல்ல. அது மூன்றுக்கும் முந்திய சொத்து. பசுவின் கிளையில் கைமாறிப் போயிற்று, அவ்வளவே. புதிதாக வந்த ஒன்றை யார் யார் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நுரையீரல் மீனின் துடுப்பு உடலோடு சேருமிடத்தில் ஒற்றை எலும்பு இருக்கிறது. நம் தோளுக்கும் முழங்கைக்கும் இடையே இருப்பதும் அதுதான். சால்மனுக்கு அப்படியில்லை. ஆக, 'மீன்' என்பது சந்தைக்கு உதவுகிற சொல், வம்சாவளிக்கு உதவாது.

இந்த முறையை வகுத்த வில்லி ஹென்னிக் ஈக்களை ஆராய்ந்த ஜெர்மானியர். 1945இல் இத்தாலியில் பிரிட்டிஷாரிடம் யுத்தக் கைதியாக இருந்தபோது நோட்டுப் புத்தகத்தில் எழுதியது 1950இல் நூலாயிற்று. 1966இல் ஆங்கிலத்தில் வந்த பிறகே பரவலான கவனம் கிடைத்தது. இந்த முறையில் நான் முனைவர் பட்டத்துக்காகச் சில வருஷங்கள் உழைத்திருக்கிறேன். உழைப்பு என்றால், கபால எலும்புகளைப் பார்த்து ஓர் அட்டவணையின் கட்டங்களில் 0 அல்லது 1 இடுவது. எலும்பு கிடைக்காத இடத்தில் கேள்விக்குறி. பத்துப் பிராணிகளை 3,44,59,425 விதமான மரங்களாக அடுக்கலாம். மிகக் குறைந்த மாற்றங்களைக் கோருகிற மரத்தைக் கம்ப்யூட்டர் தேடித் தருகிறது.

அப்படிக் கிடைக்கிற மரத்தில் ஒரு விசேஷம். நாம் கண்ட பிராணிகள் எல்லாம், உயிரோடிருப்பவையும் கல்லானவையும், கிளைகளின் நுனியில்தான் நிற்கின்றன. கிளை பிரிகிற கணுக்களில் யாருமில்லை. அங்கே ஒரு மூதாதை இருந்தாக வேண்டும், ஆனால் அதற்குப் பெயர் கிடையாது. 1837இல் தம் நோட்டுப் புத்தகத்தில் முதல் மரத்தைக் கீறிய டார்வின், இதை மரம் என்பதைவிடப் பவளம் என்பது பொருந்தும் என்றும் குறித்துவைத்தார். அடிக்கிளைகள் செத்துப்போய்க் கண்ணில் படாமல் கிடக்கின்றன என்பது காரணம். அந்த உருவகம் நிலைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் மீன் பாஸில்களை ஆராய்ந்த காலின் பேட்டர்சன் இதைக் கடைசிவரை கொண்டுபோனார். எந்த பாஸிலையும் இன்னதன் மூதாதை என்று நிரூபிக்க வழியில்லை என்பது அவர் கட்சி. 1981இல் நியூயார்க் மியூசியத்தில் தம் சகாக்களிடையே பேசும்போது, பரிணாமத்தைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று சீண்டினார். அறையில் யாரோ டேப்பில் பதிந்துகொண்டார்கள். சிருஷ்டிவாதிகள் அதை ஊரெங்கும் சுற்றவிட்டார்கள். பேட்டர்சன் 1998இல் இறந்த பிறகும் அது அவர்கள் கைச்சரக்காகவே இருக்கிறது. தம் பேச்சின் அர்த்தம் அதுவல்ல என்று அவர் சொன்னது சுற்றவில்லை.

அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று சொன்ன நண்பர்கள் எனக்கு உண்டு. நான் ஒப்பமாட்டேன். பாட்டன் யாரென்று காட்ட முடியாது என்பவன் பாட்டன் இல்லை என்று சொல்லவில்லை. பங்காளிகள் இருக்கிறார்கள், பங்கு பிரிந்த சொத்து இருக்கிறது. பத்திரம் தொலைந்ததால் வம்சம் இல்லையென்று ஆகிவிடுமா? கேள்விக்குறி இட வேண்டிய கட்டத்தில் எதிரிக்குப் பயந்து 1 இடுவதுதான் எதிரிக்குக் கொடுக்கும் பெரிய ஆயுதம்.

டிக்டாலிக் விவகாரத்தைப் பாருங்கள். 2004இல் நீல் ஷூபினின் குழு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கண்டெடுத்தது. வயது சுமார் 37.5 கோடி வருஷம். கழுத்து உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டுப் போன்ற எலும்புகள் உண்டு. 2006இல் உலகப் பத்திரிகைகள் நமக்கொரு பாட்டன் கிடைத்ததாகக் கொண்டாடின. 2010இல் போலந்தில் ஸகேமியே கல்குவாரியிலிருந்து காலடித் தடங்கள் வந்தன. சுமார் 39 கோடி வருஷம். பாட்டனுக்கு முன்பே பேரன் நடந்துவிட்டான். அவை காலடிகளே அல்ல என்று வாதிடுவோரும் உண்டு. ஆனால் டிக்டாலிக்கைப் பங்காளி என்று மட்டும் சொல்லியிருந்தவர்கள் ஒரு வார்த்தையையும் திரும்பப் பெற வேண்டியிருக்கவில்லை. இப்போது நிகழ்தகவுக் கணக்கில் ஒரு பாஸில் நேரடி மூதாதையாக இருக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று எண் தருகிறார்கள். தரட்டும். எண்ணோடு வருகிற பாட்டன் பாட்டன்தானா என்பது வேறு விஷயம். (இலக்கிய விமர்சனத்தில் நாம் வாரிசுகளை நியமிக்கிற வேகத்துக்கு இதுபோல ஒரு கணக்குக்கூடக் கிடையாது.)

பாட்டனைத் தேடுவதில் இன்னொரு தீங்கு எனக்குப் படுகிறது. 1933இல் சிட்னியிலிருந்து சிகாகோவின் ஷெட் அக்வேரியத்துக்கு ஒரு நுரையீரல் மீன் வந்தது. 2017 வரை வாழ்ந்தது. அதற்கு வைத்த பெயர் 'கிரான்டாட்'. தாத்தா. அன்பாகத்தான் வைத்தார்கள். ஆனால் பாட்டன் என்றால் அவன் வேலை முடிந்தது என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறது; நம்மை உண்டாக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். டார்வினே நுரையீரல் மீனை ஏறத்தாழ உயிருள்ள பாஸில் என்றார். அது நம்முடைய இறந்தகாலமல்ல. பொதுக் கணுவிலிருந்து அது வந்த தூரமும் நாம் வந்த தூரமும் காலத்தில் ஒன்றே. 2021இல் ஆஸ்திரேலிய நுரையீரல் மீனின் மரபணுத் தொகுதியை வாசித்து முடித்தார்கள். சுமார் 4,300 கோடி எழுத்துகள், நம்முடையதைப்போல 14 மடங்கு. நின்றுபோன கடிகாரத்தில் இவ்வளவு எழுத்து சேராது. மேலும் அந்த வாசிப்பு சால்மன், பசு வழக்கையும் பசுவின் பக்கமே தீர்த்தது.

பாட்டனுக்குப் படம் மாட்டினால் போதும். பங்காளி பங்கு கேட்பான். இந்த வழக்கில் பங்கு என்பது ஆறு. அந்த மீனின் பூர்வீகம் குவீன்ஸ்லாந்தின் பர்னெட், மேரி ஆறுகள். 2003இல் ஆஸ்திரேலிய அரசு அதை எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடிய இனம் என்று பட்டியலில் சேர்த்தது. 2005இல் பர்னெட்டின் குறுக்கே பாரடைஸ் அணை எழுந்து, அது முட்டையிடும் ஆழமற்ற நீர்ப்பரப்புகள் மூழ்கின. அணையைக் கடந்து மேலேறவும் கீழிறங்கவும் மீன்களுக்கென்று ஒரு பாதை கட்டினார்கள். அந்தப் பாதை ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது நீதிமன்றம்வரை போயிற்று.